குளத்து மீன் குழம்பு – ஒரு பழைய கணக்கு

போன சித்திரையில் சென்னையிலிருந்து என் சித்தப்பா மகன் குடும்பத்தோட வந்திருந்தான். குளத்துல தண்ணி வத்தி, மடைப்பக்கம் இருக்கிற கிடங்குல மட்டும் இடுப்பளவு பச்சையா நின்ன நேரம். வந்தவங்களுக்குக் குளத்து மீன் போடாம அனுப்பக்கூடாதுன்னு காலையிலேயே போய் ரெண்டு கிலோ கட்லா வாங்கிட்டு வந்தேன். ஏலம் எடுத்தவரோட ஆட்களே செதில் சீவி, துண்டு போட்டு, பையில கட்டிக் கொடுத்துட்டாங்க. அம்மா குழம்பு வெச்சாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது தம்பி சம்சாரம் தயங்கித் தயங்கிச் சொன்னுச்சு: "அத்தை, குழம்பு அருமையா இருக்கு. மீன்ல மட்டும் லேசா சேத்து வாடை வருதுல்ல?"

கேட்டதுல தப்பே இல்லை. எனக்கும் வந்துச்சு. ஆனா அம்மாவுக்கு முகம் சுண்டிப் போச்சு. ராத்திரி வாசல்ல கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கும்போது என்கிட்ட மட்டும் சொன்னாங்க: "மீன் உசுரோட எப்படி இருந்துச்சுன்னே பாக்காம குழம்பு வைக்கச் சொன்னா நான் என்னடா பண்ணுவேன்? உங்க அப்பத்தாவா இருந்தா அந்தப் பையை அப்படியே திருப்பிக் குடுத்திருக்கும்."

அன்னைக்கு அம்மா சொன்ன பக்குவங்களையும், அப்புறம் நான் தேடிப் படிச்ச சங்கதிகளையும் சேர்த்து எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. சமையல் குறிப்பா நினைச்சும் படிக்கலாம். ஆனா குறிப்பைப் பார்த்துச் செய்ய நினைக்கிறவங்களுக்கு மீன் கிடைக்காது. அந்தக் கதையும் இதுக்குள்ளதான் இருக்கு.

திண்டுக்கல்னு சொன்னா உங்களுக்குப் பூட்டும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். மீன் வராது. வரவும் ஞாயமில்லை. கடலுக்கும் எங்களுக்கும் வெகுதூரம். இருக்கிற ஒரு ஆறு குடகனாறு. கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, திண்டுக்கல்லை ஒட்டி வடக்கே திரும்பி, வேடசந்தூர் வழியா கரூர் பக்கம் போய் அமராவதியில் விழுது. அமராவதி போய்க் காவிரியில் சேருது. வருசத்துல பாதி நாள் அதுல மணல்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற மழைக்குக் குளங்கள் பெருகும், பங்குனி சித்திரையில் வெடிச்சுப் போகும். ஆறு மாசத் தண்ணி, ஆறு மாசப் பொட்டல்.

இந்த ஊர்ல மீன் பிழைக்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும். எங்க பக்கத்துப் பழைய மீன்கள் எல்லாத்துக்கும் அது இருந்துச்சு. விராலும் குரவையும் தண்ணிக்கு மேல தலையைத் தூக்கிக் காத்தைக் குடிச்சு வாழும். தேளியும் பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். குளம் வத்தினா விரால் ஈரச் சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கும். மண்ணு வெட்டும்போது கட்டியைப் பிளந்தா உள்ளே உசுரோட நெளிஞ்ச விராலை எங்க அப்பா பார்த்திருக்கார். புது மழைக்கு வாய்க்கால்ல தண்ணி இறங்கும்போது, அந்தத் தண்ணியை எதிர்த்துக்கிட்டு மேலே ஏறி வரும். அதுக்கு ஏத்துமீன்னு பேரு. காவிரியில் இருந்து அமராவதி, அமராவதியில் இருந்து குடகனாறு, ஆத்துல இருந்து வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து வயல்னு ஏறி வந்துடும். ஒரு ஏத்துமீன் ராத்திரியில் அரிக்கேன் விளக்கும் அரிவாளுமா ஊரே வரப்புல நிக்கும்.

காத்தைக் குடிக்கிற மீனா இருந்ததால சமையலுக்கு ஒரு பெரிய வசதி. பிடிச்ச உடனே சாகாது. பானையில் நாலு சொம்புத் தண்ணி ஊத்தி, உள்ளே விட்டு, மேல மூங்கில் தட்டு போட்டு, அதுக்கு மேல அம்மிக்குழவியைத் தூக்கி வெச்சா ரெண்டு நாள், மூணு நாள் கூட இருக்கும். தண்ணியை மட்டும் காலையும் மாலையும் மாத்தணும். எங்க வீட்டுக்கு ஃபிரிட்ஜு வந்தது 1998-இல். அதுக்கு முன்னாடி மீன் வைக்க இந்தப் பானைதான்.

பானையில் வைக்கிறது பத்திரத்துக்கு மட்டும் இல்லைங்கிறதுதான் விசயம். அம்மா இந்த வீட்டுக்கு மருமகளா வந்தது 1971-இல். வந்த புதுசுல ஒரு நாள் தாத்தா கொண்டுவந்த குரவையை உடனே ஆஞ்சு குழம்பு வெச்சிருக்காங்க. அப்பத்தா ஒரு வாய் எடுத்துட்டு, "சேத்தைத் தின்ன மீனுக்குச் சேத்தைக் கக்க ஒரு ராத்திரி குடுக்க வேணாமா?"ன்னு கேட்டுச்சாம். அதுக்கப்புறம் அம்மா ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை.

இந்தச் சேத்து வாடையைப் பத்தித் தேடினப்போ எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. மண்ணுல இருக்கிற சில நுண்ணுயிரும், தேங்கின தண்ணியில் வளர்ற நீலப்பச்சைப் பாசியும் ஒரு பொருளைச் சுரக்குது. மீன் அதைச் செவுள் வழியா உறிஞ்சிக் கொழுப்புல சேர்த்து வெச்சுக்குது. 1965-இல் அமெரிக்காவில் இதைப் பிரிச்செடுத்து ஜியோஸ்மின்னு பேர் வெச்சாங்க. கிரேக்கத்துல மண்வாசம்னு அர்த்தம். காஞ்ச நிலத்துல முதல் மழை விழும்போது வருமே ஒரு வாசம், அதுலயும் இதே சாமான்தான். பீட்ரூட்ல அடிக்கிற மண்வாடையும் இதுதான். மழைக்கு வந்தா மண்வாசனைன்னு மூக்கை விரிக்கிறோம், மீன்ல வந்தா முகத்தைச் சுளிக்கிறோம். மனுச மூக்கு இதைக் கண்டுபிடிக்கிற மாதிரி வேற எதையும் கண்டுபிடிக்காதுங்கிற அளவுக்குக் கூர்மை. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே தெரிஞ்சுடும்.

இதைப் போக்க ரெண்டு வழின்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. ஒண்ணு, மீனை நல்ல தண்ணியில் விட்டு வைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமா வாடை இறங்கும். ரெண்டாவது புளிப்பு. அமிலம் பட்டா ஜியோஸ்மின் வாசமே இல்லாத வேற பொருளா மாறிடும். ஒரு ராத்திரி பானைத் தண்ணி, அப்புறம் புளி. அப்பத்தா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை.

நான் வாங்கின கட்லா சித்திரை மாசத்துப் பாசித் தண்ணியில் கிடந்த மீன். கரைக்கு வந்ததும் செத்துப் போச்சு. அதைப் பானையில் விடவும் முடியாது. அம்மா புளியை ரெண்டு சுளை கூடப் போட்டும் அது அடங்கலை. இவ்வளவுதான் அன்னைக்கு நடந்தது.

இப்ப பக்குவத்துக்கு வர்றேன். நீங்க கடையில் வாங்குற மசாலாப் பாக்கெட்டுல மீன் குழம்புன்னு ஒரே பேருதான் போட்டிருக்கும். அப்பத்தாவுக்கு மீன் குழம்புன்னு பொதுவா ஒண்ணு கிடையாது. அயிரைக் குழம்பு வேற, கெளுத்திக் குழம்பு வேற, விரால் வேற.

அயிரை விரல் நீளம்தான் இருக்கும். மணல்பாங்கான ஓடைத் தண்ணியில் வரும். அதை உசுரோடதான் வாங்கணும், உசுரோடதான் வீட்டுக்கு வரணும். சொரசொரப்பான மண்சட்டியில் போட்டுக் கல்லுப்பைத் தூவி உடனே மூடணும். துள்ளித் துள்ளி, வயித்துல இருக்கிற மணலைக் கக்கிட்டு அடங்கும். சில வீட்டுல தேங்காய்ப்பாலோ மாட்டுப்பாலோ ஊத்தி விடுவாங்க, குடிச்சுட்டுக் கக்கட்டும்னு. அப்புறம் சட்டியோட உரசி உரசி, நுரை நிக்கிற வரைக்கும் ஏழெட்டுத் தண்ணி கழுவணும். குடல் எடுக்கிறது, தலை கிள்ளுறது எதுவும் இல்லை, முழுசாத்தான் திங்கணும். குழம்பைத் தனியா கொதிக்க வெச்சு, எண்ணெய் பிரிஞ்சு வந்த பிறகு மீனைப் போட்டு ரெண்டு கொதியில் இறக்கிடணும். மூணாவது கொதி வந்தா மீன் கரைஞ்சு கூழாயிடும். மதுரையில் மெஸ் வெச்சிருக்கிறவங்க பேர் வாங்குனது இந்த மீன்லதான். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாப் பிரியுற வரைக்கும் நாங்களும் மதுரை ஜில்லாதான், கைப்பக்குவமும் அதேதான். இன்னைக்கு அயிரை ஆட்டுக்கறியை விட விலை. அப்ப அதைப் படியில அளந்து கொடுத்தாங்க, ஒரு படி கம்புக்கு ஒரு படி அயிரைன்னு மாத்துனதை அப்பா பார்த்திருக்கார்.

கெளுத்திக்குச் செதில் கிடையாது, முள்ளு உண்டு. கன்னத்து முள்ளு ரெண்டு, முதுகு முள்ளு ஒண்ணு. குத்தினா ஒரு நாள் முழுக்கக் கடுக்கும். முதல்ல அதை ஒடிச்சுட்டு, சாம்பல் போட்டுத் தேய்க்கணும். மேல இருக்கிற வழவழப்புதான் வாடையைப் பிடிச்சு வெச்சிருக்கும். சாம்பல் அதைச் சுரண்டி எடுத்துடும். சித்திரையில் மாங்காய் கிடைக்கிற நேரத்துல, புளியைக் குறைச்சு மாங்காயைப் போட்டுக் கெளுத்திக் குழம்பு. நத்தம் பக்கம் மாங்காயும் உண்டு, புளியும் உண்டு, ரெண்டுக்கும் பஞ்சமில்லை.

விரால் விருந்து மீன். முள்ளு கம்மி, சதை அதிகம். பிள்ளை பெத்தவளுக்கும், ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கிறவங்களுக்கும் மிளகு தட்டிப் போட்டு ரசம் மாதிரி வெச்சுக் கொடுப்பாங்க, புண்ணு ஆறும்னு. விராலைப் பிடிக்கிற கைக்குச் சாம்பல் இல்லாம முடியாது. அப்பத்தா அடுப்படியில் சாம்பலைச் சலிச்சு ஒரு கொட்டாங்குச்சியில் எப்பவும் வெச்சிருக்கும். அம்மாவுக்கு இப்ப கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு வெந்நீர் அடுப்புக்குத்தான் போகணும்.

பொடிக்கெண்டை முள்ளுக்குள்ள மீனைத் தேடணும். அதை யாரும் பொரிச்சுத் திங்கலை. நல்லாப் புளியைக் கரைச்சு ஊத்தி, மண்சட்டியை மூடி, ராத்திரி அணையப் போற தணல்ல வெச்சுட்டுப் படுத்துடுவாங்க. காலையில் பார்த்தா முள்ளெல்லாம் மெத்துனு ஆகியிருக்கும். புளிப்பு எலும்பை இளக்கிடும். அதைக் கம்பங்களிக்குத் தொட்டுக்கிட்டா வாய்க்குள்ள முள்ளே தட்டுப்படாது. ஆமா, மீன் குழம்புக்கு நெல்லுச்சோறுன்னு நினைச்சுக்காதீங்க. மானாவாரிக் காட்டுல அது ஏது? கம்பும் சோளமும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கு.

ஆரா, பாம்பு மாதிரி நீளமா இருக்கிற மீன். வீட்டுக்கு வர்றதே அபூர்வம், வயல்லயே முடிஞ்சுடும். வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தணல்ல மீனை அப்படியே புரட்டுவோம். தோல் கருகி உரிஞ்சு வரும். உள்ளே வெள்ளை வெளேர்னு சதை. உப்பும் பச்சை மிளகாயும் போதும். மாடு மேய்க்கிற பயலுகளோட சமையல் இது. இதுக்குப் பாத்திரமும் வேணாம், அம்மாவும் வேணாம்.

குளம் கடைசியா வத்தும்போது மீன் ஒரேயடியா வந்து குமியும். திங்க முடிஞ்சது போக மிச்சத்தை உப்புப் போட்டுக் கூரையில் காய வைப்பாங்க. ஆடி மாசத்துல காத்து அடிக்கும்போது, காய்கறியே இல்லாத நாளுக்கு அந்தக் கெண்டைக் கருவாடுதான்.

இப்ப அந்தச் சட்டிக்குள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் எப்ப வந்ததுன்னு பார்ப்போம். அப்பத்தாவே பழசுன்னு நாம நினைக்கிறோம், ஆனா அதோட குழம்புலயும் வந்தேறிங்க நிறைய.

மீன் பேருங்கதான் ரொம்பப் பழசு. அயிரை, வாளை, வரால், கெண்டை எல்லாம் சங்கப் பாட்டுகள்லயே வருது. பாண்டியன் கொடியில் பறந்ததும் மீன்தான். புளியும் அதே அளவு பழசு. காரம் மட்டும் வேற. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பதினாறாம் நூற்றாண்டுல போர்ச்சுக்கீசியர் கப்பல்ல மேற்குக் கடற்கரைக்கு வந்தது. திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கட்டத் தொடங்கின 1605-ஆம் வருசத்துல, அது இந்தியாவுக்கு வந்து நூறு வருசம் ஆகியிருக்குமா என்ன? அதுவரைக்கும் எங்க முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருப்பாங்க. மிளகு மாதிரி உறைக்கிற காய்னுதானே மிளகாய்னு பேரே வெச்சோம். தாண்டிக்குடி மலையில் மிளகு இன்னைக்கும் விளையுது. விராலுக்கு மட்டும் அப்பத்தா மிளகைத் தட்டிப் போட்டது பழைய வழக்கத்தோட மிச்சம்னு எனக்கு ஒரு சந்தேகம்.

தக்காளி இன்னும் புதுசு. தக்காளிங்கிற வார்த்தையே முதல்ல நம்ம ஊர்ச் சின்னச் செடிகளுக்கு இருந்த பேரு, மணத்தக்காளியை நினைச்சுக்கோங்க. வெளியிலிருந்து வந்ததைச் சீமைத்தக்காளின்னாங்க. அப்புறம் சீமை உதிர்ந்து போச்சு. இன்னைக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, விலை இல்லைன்னா ரோட்டுல கொட்டுறோம். ஆனா அப்பத்தா மீன் குழம்புல கடைசி வரைக்கும் தக்காளி போடலை. "புளி இருக்கப்ப இது எதுக்கு?"ன்னு கேட்கும். அம்மா போடுவாங்க. என் சம்சாரம் புளியைக் குறைச்சுத் தக்காளியைக் கூட்டிப் போடுறா. குழம்பு சிவப்பா, பார்க்க நல்லா இருக்கு.

பொரிச்ச மீன் கதையும் இதே மாதிரிதான். எண்ணெய் தாராளமா இருந்தாத்தான் பொரிக்க முடியும். நிலக்கடலையும் அமெரிக்காவில் இருந்து வந்த பயிர். சென்னை மாகாணத்துல அது பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசியில்தான். அதுக்கு முன்னாடி எங்க பக்கம் இருந்தது நல்லெண்ணெய். தாளிக்கக் கரண்டியில் அளந்து ஊத்துன எண்ணெயில யாரு மீனைப் பொரிப்பா? அணைக்கட்டுப் பக்கம் போனா மசாலா தடவிச் சுடச்சுடப் பொரிச்சுக் கொடுக்கிறாங்களே, அதைப் பாரம்பரியம்னு வீடியோவில் சொல்றதைக் கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். நல்லா இருக்கும், நானும் தின்பேன். அது வேற.

சட்டிக்குள்ள புதுசு புதுசா வந்தப்பவும் மீன் மாறலை. மீன் மாறுனது நூறு, நூத்தம்பது வருசத்துக் கதை. முதல்ல எச்சரிச்சவர் ஒரு வெள்ளைக்காரர். பிரான்சிஸ் டே, மருத்துவரா வந்து மீன் ஆராய்ச்சியில் விழுந்தவர். 1873-இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்களைப் பத்தி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். வயல் வடிகால்லயும் மடையிலயும் பொறி வெச்சு, சின்னக் கண்ணு வலையைப் போட்டு, குஞ்சோட அள்ளிடறாங்கன்னு அதுல குறை சொல்றார். படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் உறைச்சது. ஏத்துமீன் ராத்திரியில் நாங்க செஞ்சதும் அதுதானே? முட்டை போட ஏறி வந்த மீனைத்தான் வெட்டினோம். அப்புறம் 1897-இல் மீன்வளச் சட்டம் வந்து, வெடி வெச்சும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக் கூடாதுன்னாங்க. 1907-இல் பிரெடரிக் நிகல்சன் பொறுப்புல சென்னை மாகாணத்து மீன்துறை ஆரம்பமாச்சு.

ஆனா எங்க குளத்தை மாத்தினது ரெண்டு வருசம்: 1952, 1957.

1952-இல் ஜிலேபி வந்துச்சு. ஆப்பிரிக்க மீன். ஜாவாத் தீவு வரைக்கும் போய், அங்கிருந்து ஆசியா பூரா பரவினது. மண்டபத்துல இருந்த மத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த வருசம் கொண்டுவந்தாங்க. சீக்கிரம் வளரும், எதையும் திங்கும், ஏழைக்குப் புரதம்னு எண்ணம். எண்ணம் நல்லதுதான். வைகை, அமராவதி, பவானிசாகர்னு அணை அணையாப் போச்சு. தாய்மீன் முட்டையை வாய்க்குள்ளயே வெச்சுப் பொரிக்கும், குஞ்சை எதிரி தொட முடியாது. நம்ம மீன் மழைக்குக் காத்திருந்து வருசத்துக்கு ஒருதரம் முட்டை போடுறப்போ, இது வருசத்துக்குப் பலதரம். 1959-இல் இனிமேல் புதுசா விடவேணாம்னு மத்திய மீன் ஆராய்ச்சிக் குழு சொன்னப்போ, ஜிலேபி எங்கெங்கயோ போயிருந்துச்சு. எங்க குளத்துக்கு அதை யாரும் கொண்டுவந்து விட்டதா அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. ஒரு வருசம் வலையில் ஒண்ணு ரெண்டு வந்துச்சாம். ரெண்டு வருசம் கழிச்சு வலை பூரா அதுதான்.

அப்பத்தா அதையும் பழக்கிக்கிச்சு. ஜிலேபி வயித்துக்குள்ள கருப்பா ஒரு சவ்வு இருக்கும். அதை விட்டா கசக்கும்னு சொல்லி, விரல்ல உப்பைத் தொட்டு உரிச்சு எடுத்துடும். குழம்புக்கு ஆகாது, வறுவலுக்கு ஆகும்னு தீர்ப்பும் கொடுத்துச்சு.

1957 வேற கதை. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் கங்கைச் சமவெளி மீன்கள். ஓடுற ஆத்துல மழை வெள்ளத்துலதான் முட்டை போடும், குளத்துல போடாது. குஞ்சு வேணும்னா ஆத்துல போய் அரிக்கணும். அந்த வருசம் ஜூலை 10-ஆம் தேதி, ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரிங்கிற விஞ்ஞானி, வேற மீனோட பிட்யூட்டரிச் சுரப்பியில் இருந்து எடுத்த சாறை ஊசி போட்டு, அந்த மீன்களைக் குளத்துலயே முட்டை போட வெச்சுட்டார். இன்னைக்கும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாள். குஞ்சு வேணுங்கிற இடத்துல வேணுங்கிற அளவுக்குக் கிடைக்க ஆரம்பிச்சதுக்கு அதுதான் காரணம். ஆக்சிஜன் நிரப்பின பிளாஸ்டிக் பையில குஞ்சு வரும், குளத்துல விட்டா எட்டுப் பத்து மாசத்துல கிலோக் கணக்குல அறுவடை. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ வீட்டுல இன்னைக்கு மலிவா மீன் திங்குறாங்கன்னா அந்த மனுசனாலதான்.

இது போக, ஆறும் அறுந்து போச்சு. வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் குடகனாற்றுக்குக் குறுக்கே அணை வந்துச்சு. 1977 நவம்பர் புயல் வெள்ளத்துல அது உடைஞ்சு, அப்புறம் திரும்பக் கட்டினாங்க. அணை விவசாயத்துக்கு வேணும். ஆனா காவிரியில் இருந்து ஏறி வர்ற மீன் கான்கிரீட் மேல ஏறுமா? கடல்ல பிறந்து ஆறு ஆறா ஏறி வர்ற விலாங்கை அம்மா பார்த்திருக்காங்க. நான் பார்த்ததில்லை. நகரத்தைச் சுத்தித் தோல் பதனிடுற தொழிலால தண்ணி என்ன ஆச்சுங்கிறது தனிக்கதை. அந்தப் பக்கக் கிணத்துத் தண்ணியை வாயில் வெச்சவங்களுக்குத் தெரியும்.

கடைசியா ஏலம். முன்னாடி எங்க குளத்து மீன் ஊர்ப் பொது. சித்திரை, வைகாசியில் தண்ணி வத்தினதும் ஒரு நாள் குறிச்சு, பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி விடுவாங்க. கரையில் இருக்கிற சாமிக்குத் தேங்காய் உடைச்சு, ஊர்ப் பெரியவர் துண்டை வீசினதும், காத்துக்கிட்டு இருந்த கூட்டம் அத்தனையும் ஊத்தா, கச்சா, கூடை, சேலைத் துணின்னு கிடைச்சதோட தண்ணிக்குள்ள பாயும். பிடிச்ச மீனை விக்கக் கூடாது, வீட்டுல சமைச்சுத் திங்கணும், இல்லைன்னா சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கணும். அப்படிச் செஞ்சா அடுத்த வருசம் மழை பெய்யும்னு நம்பிக்கை. அன்னைக்குச் சாயங்காலம் ஒரு தெருவில் நடந்தா எல்லா வீட்டுலயும் ஒரே வாசம்தான். நத்தம் பக்கமும், மேலூர், சிங்கம்புணரி, புதுக்கோட்டைப் பக்கமும் இன்னைக்கும் இந்த மீன்பிடித் திருவிழா நடக்குது, பேப்பர்ல படம் போடுறாங்க. எங்க ஊர்ல நின்னு போச்சு. மீன்பாசி ஏலம்னு வந்த பிறகு, பணம் கட்டி எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுறார், தீவனம் போடுறார். அவர் மீனை ஊர் அள்ள முடியுமா? முடியாது. ஆனா குஞ்சு விடுறதுக்கு முன்னாடி, கட்லாக் குஞ்சைத் தின்னுடும்னு விராலையும் குரவையையும் ஒண்ணு விடாம ஒழிச்சுட்டுத்தான் விடுறாங்க. அவர் கணக்குக்கு அவை களை.

அம்மாகிட்ட அன்னைக்கு ராத்திரி, குளத்துல என்னென்ன மீன் இருந்துச்சுன்னு கேட்டேன். விரல் விட்டுச் சொன்னாங்க. விரால், குரவை, கெளுத்தி, தேளி, அயிரை, ஆரா, உளுவை, பனையேறி, சேல்கெண்டை, பொடிக்கெண்டை, வாளை, விலாங்கு. பன்னெண்டு. இப்ப என்ன வருதுன்னு நானே எண்ணிப் பார்த்தேன். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. பழைய பன்னெண்டுல தப்பித் தவறி வர்றது பொடிக்கெண்டை மட்டும்தான். பன்னெண்டு பக்குவம் தெரிஞ்ச கை, துண்டு போட்ட மீனைப் பையில வாங்கிக்கிட்டு நிக்குது.

ஐப்பசியில் இந்த வருசம் முதல் மழை நல்லா அடிச்சது. தோட்டத்து வாய்க்கால்ல செந்தண்ணி ஓடுச்சு. பையன் ஸ்கூல் விட்டு வந்தவன் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிட்டு ஓடி வந்தான். "அப்பா, பாம்புத் தலை மாதிரி ஏதோ மீனு." குரவை. நாலு. எங்கிருந்து வந்துச்சோ, ஏலக்காரர் கண்ணுல படாம எந்தச் சேத்துல கிடந்துச்சோ தெரியலை. அம்மா வாளிக்குள்ள பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. பரண்ல கிடந்த பழைய பானையை இறக்கச் சொல்லி, கழுவி, தண்ணி ஊத்தி மீனை விட்டு, தட்டைப் போட்டு மூடினாங்க. "இன்னைக்கே குழம்பு வை பாட்டி"ன்னு பையன் குதிச்சான். "நாளைக்குத்தான்"னாங்க. வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலிச்சு எடுத்து வெச்சாங்க.

ராத்திரி பூரா பானைக்குள்ள டம்டம்னு சத்தம். பையன் மூணு தடவை எழுந்து போய்ப் பார்த்தான். மூணாவது தடவை தட்டைத் தூக்கிப் பார்த்துட்டு, குழவியைத் திரும்ப வைக்க மறந்துட்டான் போல. காலையில் பானையில் மூணுதான் இருந்துச்சு. வாசல் ஈரத்துல ஒரு தடம் வாய்க்கால் பக்கம் போயிருந்துச்சு.

மூணு மீன், அஞ்சு பேரு. அம்மா தக்காளி போடலை.